‘வகுப்புக்கே போக வேண்டாம் டீச்சர்!’

இந்த மாதமும் ஒருவர் வந்துவிட்டார். மெட்ரிக் பள்ளியில் கணக்கு எடுப்பவர், பி.எஸ்சி. முடித்தவர். வகுப்புக்கே போகாமல் பி.எட். வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு கன்சல்டன்சியில் நகையை அடகு வைத்துப் பாதிப் பணம் கட்டிவிட்டு, மீதியைக் கட்டலாமா என்று கேட்க வந்திருக்கிறார். தொலைநிலைக் கல்வி மையத்தில் சனி, ஞாயிறு பி.எட். வகுப்பு எடுக்கும் எனக்கு இந்தக் கதை பழகிவிட்டது. அதுதான் எரிச்சல்.

‘ரெண்டு வருஷ அனுபவச் சான்று இருந்தால் போதும், தபாலில் பி.எட். படிக்கலாம்’ என்பது பழைய விதி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014 விதிமுறைகளோடு அது போய்விட்டது. இப்போது தொலைநிலை பி.எட். இரண்டே தரப்புக்குத்தான். பயிற்சி பெற்று, தொடக்கக் கல்வியில் பணியில் இருப்பவர்கள், அல்லது என்.சி.டி.இ. அங்கீகரித்த ஆசிரியர் பயிற்சியை நேரடி வகுப்பில் முடித்தவர்கள். வெறும் பட்டப்படிப்போடு பத்து வருடம் பாடம் நடத்தியிருந்தாலும் கிடையாது. இருபது வருடம் நடத்தியிருந்தாலும் கிடையாது. தாளாளரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் கிடையாது. “எங்க நாத்தனார் அப்படித்தானே சார் சேர்ந்தாங்க?” என்பார்கள். சேர்ந்திருப்பார், விதி மாறும் முன்பு.

அப்படியானால் கன்சல்டன்சிக்காரர் எதை விற்கிறார்? ஏதோ ஒரு வெளிமாநிலக் கல்லூரியில் ‘ரெகுலர்’ பி.எட். தேர்வுக்கு மட்டும் ரயில் ஏறினால் போதும். தொழில் பாஷையில் ‘நான்-அட்டெண்டிங்’. இது தொலைநிலைக் கல்வியே இல்லை, இரண்டையும் குழப்பாதீர்கள். அந்தச் சான்றிதழ் நீங்கள் இரண்டு வருடமும் அங்கே வகுப்பில் உட்கார்ந்து படித்ததாகச் சொல்லும். உங்கள் அனுபவச் சான்று அதே இரண்டு வருடமும் இங்கே தினமும் கையெழுத்துப் போட்டு வேலை பார்த்ததாகச் சொல்லும். சான்றிதழ் சரிபார்ப்பில் இரண்டும் ஒரே கோப்பில் அடுத்தடுத்த தாள். எது பொய் என்று மேஜைக்கு எதிரே இருப்பவர் உங்களிடமே கேட்பார். பல்கலைக்கழகத்திலிருந்து மெய்த்தன்மைச் சான்று வந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

சரி, தகுதியோடு முறையாகச் சேர்ந்தவர்களாவது ஒழுங்கா? இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.எட்.டில் ஆண்டுக்கு 12 நாள் பயிலரங்கு உண்டு, அப்புறம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி உண்டு. “தினமும் அதைத்தானே செய்கிறோம், இது எதற்கு?” என்பதுதான் முதல் முணுமுணுப்பு. விளைவு, ஒரே பேனா, ஒரே மூச்சில் எழுதிய பாடக்குறிப்புக் கோப்பு. ஒன்றில் தேதியைப் பார்த்தேன். ஜனவரி 16. மாட்டுப் பொங்கலன்று ஏழாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை நடத்தியிருக்கிறார், மேற்பார்வையாளர் கையெழுத்தோடு!

இத்தனைக்கும் அந்தப் பயிலரங்கில்தான் விஷயமே இருக்கிறது. போன தடவை ஒரு அக்கா பின்னம் நடத்தினார். நல்ல குரல், அழகான கரும்பலகை எழுத்து. “புரிஞ்சுதா?” என்றார், “புரிஞ்சுது” என்று கோரஸ் வந்தது. பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்த சக ஆசிரியர் தாளைக் காட்டினார். கேட்ட கேள்வி எல்லாமே முதல் இரண்டு பெஞ்சுக்குத்தான் போயிருந்தது. வருடக்கணக்காக வகுப்பெடுத்தும் அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. நம் வகுப்பைப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பவர் யார், ஆண்டாய்வுக்கு வரும் அதிகாரியைத் தவிர?

இப்போது புதிதாக ஒரு பதற்றம். பணியில் இருக்கும் ஆசிரியர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேற வேண்டும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டு அவகாசம் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்புச் சொன்னது. அதிலிருந்து “இன்னொரு டிகிரி இருந்தால் தப்பிக்கலாமா சார்?” என்று போன் வருகிறது. தகுதித் தேர்வுக்கு மாற்று தகுதித் தேர்வுதான், எந்த டிகிரியும் அதற்கு ஈடாகாது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பணி நியமனத்துக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டிலேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதையும் கவனியுங்கள்.

சேரும் முன், பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் தேடாதீர்கள். உங்கள் படிப்பு, நீங்கள் சேரும் ஆண்டு இரண்டும் பட்டியலில் இருக்க வேண்டும். பி.எட். என்றால் என்.சி.டி.இ. அங்கீகாரமும் தனியாக வேண்டும். அந்தப் பிரிவின் தளத்தில் மாணவர் பதிவு செய்து பெறும் அடையாள எண்ணான டி.இ.பி. ஐ.டி.யை நீங்களே உருவாக்குங்கள். அது தேவையே இல்லை என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போகட்டும், தனிநபரின் ஜி-பேக்கு வேண்டாம். அசல் சான்றிதழ்களை எந்தக் கன்சல்டன்சியிலும் விடாதீர்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் துறையின் முன் அனுமதியைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும்; படித்து முடித்தபின் விண்ணப்பித்துவிட்டு, பணிப்பதிவேட்டில் ஏற மறுக்கிறதே என்று அலையாதீர்கள்.

பட்டப்படிப்பு மட்டும் இருப்பவர்களுக்கு வழி, வேலையை விட்டோ, சம்பளமில்லா விடுப்பு எடுத்தோ இரண்டு வருடம் நேரில் படிப்பதுதான். கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கணக்கு டீச்சரிடமும் இதைத்தான் சொன்னேன். மீதிப் பணத்தைக் கட்ட வேண்டாம் என்றும், கட்டியதற்கு ரசீது இருந்தால் திருப்பிக் கேட்டுக் கடிதம் கொடுக்கலாம் என்றும் சொன்னேன். ரசீது கொடுக்கவில்லையாம். தயவுசெய்து, முன்பணம் கட்டும் முன்பு ஒரு தடவை பக்கத்துக் கல்வி மையத்துக்குப் போய்க் கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் கிடையாது.