பிராய்லர் கோழிக்கு ஊசி போடுவது யார்?

கறிக்கடை வரிசையில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது: "நாற்பது நாள்ல ரெண்டு கிலோ எப்படிங்க வரும், எல்லாம் ஊசி!" சரி, பல்லடம் பக்கம் ஒரு கொட்டகையில் ஐயாயிரம் கோழி என்று வைத்துக்கொள்வோம், ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போடக் கூலி கொடுத்தால் பண்ணைக்காரருக்கு என்ன மிஞ்சும்? தீவனத்தில் கலக்கலாமே என்றால், அந்த ஊசியில் இருப்பதாகச் சொல்லும் வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், வயிற்றுக்குள் போனால் பருப்பு மாதிரி செரித்துவிடும். குஞ்சுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக்கூடப் பெரும்பாலும் கண்ணில் சொட்டாகத்தான் விடுகிறார்கள்.

எடையின் ரகசியம் முட்டைக்குள்ளேயே இருக்கிறது. கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டுக் கோழி ரகம் ஒன்றை எந்தத் தேர்வும் செய்யாமல் அப்படியே பாதுகாத்து வந்தார்கள். அதையும் 2005-ஆம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீவனத்தில் வளர்த்து 56-ஆம் நாள் எடை போட்டால், பழையது 905 கிராம், புதியது 4,202 கிராம்! இடையில் நடந்தது ஒன்றுதான், வேகமாகச் சதை வைக்கும் கோழிகளாகப் பொறுக்கியெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தார்கள். நல்ல சேவலாகப் பார்த்துப் பெட்டையோடு விடும் நம் ஊர்ப் பழக்கம்தான், கூடவே கணக்கு நோட்டும் புள்ளியியலும்.

ஆனால் இன்றைய பிராய்லர் பல வம்சங்களைக் கலந்து எடுத்த கலப்பினம், பண்ணையிலேயே அடைவைத்தால் அடுத்த தலைமுறை ஒரே சீராக வராது. அதனால் குஞ்சு கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும். ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சோடு தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியே தரும், கொட்டகையும் தண்ணீரும் கரண்டும் உழைப்பும் விவசாயியுடையது, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி. ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம் போனது என்பதுதான் அங்கே முக்கியக் கணக்கு. சுமார் 1.6 வந்தால் நல்ல வளர்ப்பு.

கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் பற்றித்தான் என்பேன். கண்டபடி கொடுத்தால் அதற்கு அசையாத கிருமிகள் உருவாகும், அவை பண்ணையோடு நிற்பதில்லை. மனிதனுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டினைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா 2019-இல்தான் தடை போட்டது.

அப்புறம் இந்த அசுர வளர்ச்சிக்கு ஒரு விலையும் உண்டு, எடை ஏறும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுக்காமல் சில கோழிகள் படுத்துவிடும். இந்தக் குஞ்சுகளுக்காக முட்டையிடும் தாய்க்கோழிகளுக்கும் அதே அகோரப் பசி, வேண்டிய மட்டும் தின்னவிட்டால் கொழுத்துப்போய் முட்டை குறையும். ஆகவே அவற்றுக்குத் தீவனம் அளந்துதான், பசியோடுதான் இருக்கும்.