ஜெஃபர்சன் கடிதங்களுக்கு நகல் எடுத்த விதம்

அமெரிக்கா தனி நாடாவதற்கு முன்பும் அதன் பிறகு சில பத்தாண்டுகளும், வர்ஜீனியா, தென் கரோலினா பக்கத்துப் பெரும் பண்ணையார்களின் தொழில் கடிதங்களை நம்பித்தான் நடந்தது. புகையிலையும் அவுரியும் லண்டன் கமிஷன் வியாபாரிக்குக் கப்பலேறும். விலை, கடன் பாக்கி, வாங்கி அனுப்ப வேண்டிய துணிமணி எல்லாம் கடிதத்தில் போகும். அட்லாண்டிக்கைக் கடக்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால், பதில் வந்து சேரும்போது என்ன கேட்டிருந்தோம் என்பதே மறந்துபோயிருக்கும். கப்பல் மூழ்கலாம், போர்க்காலத்தில் எதிரியிடம் சிக்கலாம். அதனால் முக்கியமான கடிதத்தை இரண்டு மூன்று பிரதிகள் எழுதி வேறு வேறு கப்பலில் அனுப்பினார்கள். வீட்டிலும் ஒரு பிரதி வேண்டும். பின்னாளில் அமெரிக்காவின் மூன்றாம் அதிபரான வர்ஜீனியாப் பண்ணையார் தாமஸ் ஜெஃபர்சனுக்கும் இதே தேவைதான்.

முதலில் எல்லாம் கையெழுத்துப் பிரதிதான். எலைசா லூகாஸ் என்ற இளம்பெண் தென் கரோலினாவில் அப்பாவின் பண்ணைகளைக் கவனித்துக்கொண்டவர். அப்பா இருந்ததோ ஆன்டிகுவா தீவில். 1739-இல் எலைசா தொடங்கிய கடித நகல் நோட்டில் குடும்பச் செய்தியும் அவுரி விதைக் கணக்கும் ஒன்றாகவே கிடக்கின்றன. பண்ணை வீடுகளில் இரண்டையும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

இந்தக் கைவலிக்கு ஒரு வழி கண்டுபிடித்தவர், நீராவி எஞ்சினால் நமக்குத் தெரிந்த ஜேம்ஸ் வாட். 1780-இல் நகல் அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். அது வேலை செய்யும் விதம் புரிய, அக்கால மையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழந்தைகளுக்கு உரை மருந்தில் உரசுகிறோமே, அந்த மாசிக்காய்தான் மூலப்பொருள். ஓக் மரத்தில் சிறு குளவி முட்டையிடும்போது உருவாகும் புடைப்பு அது. அதில் டானின் நிறைய உண்டு. மாசிக்காய்ச் சாற்றில் அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டைக் கரைத்து, வேலம்பிசின் கலந்தால் மை தயார். எழுதும்போது அது வெளிறித்தான் இருக்கும். இரும்பும் டானினும் சேர்ந்த பொருள் அப்போது நீரில் கரையும் நிலையில் இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு இரும்பு மாற்றமடைய மாற்றமடைய, அது நீரில் கரையாத கருநிறப் பொருளாகித் தாளின் இழைகளில் பிடித்துக்கொள்கிறது.

வாட் பயன்படுத்திக்கொண்டது இந்த இடைவெளியைத்தான். மை முழுக்கக் கறுத்து இறுகுவதற்குள், ஏறக்குறைய ஒரு நாளுக்குள், மெல்லிய தாள் ஒன்றை ஈரப்படுத்தி, அதிகப்படி ஈரத்தை ஒற்றி எடுத்து, கடிதத்தின்மேல் வைத்து உருளையில் அழுத்த வேண்டும். ஈரம் மையில் கொஞ்சத்தைக் கரைத்து இழுத்துக்கொள்ளும். எழுத்துகள் இடவலம் மாறித்தான் பதியும். ஆனால் தாள் அவ்வளவு மெல்லியது; திருப்பிப் பிடித்தால் மறுபக்கத்திலிருந்து நேராகவே படிக்கலாம். கடிதத் தாளுக்கு மை பரவாமலிருக்க ஜெலட்டின் பூசுவார்கள். நகல் தாளுக்கு எந்தப் பூச்சும் கிடையாது, அது உறிஞ்ச வேண்டுமே! மை சீக்கிரம் இறுகாமலிருக்கப் பிசினைக் கூட்டுவதும் சர்க்கரை சேர்ப்பதும் உண்டு.

தாமஸ் ஜெஃபர்சன் 1785-இல் பாரிஸில் இருந்தபோது இப்படி ஒரு அச்சைப் பயன்படுத்தத் தொடங்கினார். ஈரம் கூடினால் எழுத்து பரவும், குறைந்தால் பதியாது. பதிந்த நகலும் மங்கலாக இருக்கும், மெல்லிய தாள் எளிதில் கிழியும். 1803-இல் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் என்பவர் பாலிகிராஃப் என்ற கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். பிலடெல்பியாவில் ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் அதைத் தயாரித்தார். இதில் ரசாயனமே கிடையாது, எல்லாம் வடிவியல். அருகருகே இரண்டு தாள், இரண்டு இறகுப் பேனா, இரண்டு மைக்கூடு. பேனாக்களை இணைகர வடிவில் கோத்த மரச்சட்டங்கள் இணைக்கின்றன. இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் எப்படி அசைந்தாலும் இணையாகவே நிற்கும். அதனால் கையிலிருக்கும் பேனா எந்தத் திசையில் எவ்வளவு நகர்கிறதோ, மற்றதும் அப்படியே நகரும். மையில் தோய்க்கும்போதும் இரண்டும் சேர்ந்தே இறங்கும். சட்டங்களின் பாரத்தைச் சுருள்வில் தாங்கிக்கொள்ளும். 1786-இல் வலது மணிக்கட்டில் அடிபட்டு, அது சரியாகக் குணமாகாமலேயே போன ஜெஃபர்சனுக்கு, ஒரு கடிதத்தை இரண்டாம் முறை எழுதாமல் தப்பித்தது பெரிய விஷயம். ஜெஃபர்சன் 1804 முதல் 1826-இல் சாகும்வரை பாலிகிராஃபை விடவில்லை; திருத்தங்கள் சொல்லிப் பீலுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார்.

அவர் வாழ்நாளில் எழுதியவை சுமார் 19,000 கடிதங்கள். 1783 முதல் வந்தது, போனது எல்லாவற்றையும் பதிந்துவைத்த பட்டியல் மட்டுமே 656 பக்கம். மனைவி மார்த்தாவுடன் எழுதிக்கொண்டவை மிஞ்சவில்லை. அவர் 1782-இலேயே இறந்துவிட்டார்.

இந்த நகல்கள் எனக்கு முக்கியமாகப்படுவது கருவியின் சாமர்த்தியத்தால் மட்டும் அல்ல. 1820 ஜூன் 30 அன்று ஜெஃபர்சன் தன் மருமகன் ஜான் எப்ஸுக்கு எழுதினார்: இரண்டு ஆண்டுக்கு ஒரு குழந்தை பெறும் அடிமைப் பெண், பண்ணையின் மிகச் சிறந்த ஆண் வேலையாளைவிட அதிக லாபம் தருகிறாள். குடும்பக் கடிதத்தில், வரவுசெலவு பேசும் தொனியில் வந்த வாக்கியம் இது. அவர் தன் வாழ்நாளில் அடிமைப்படுத்தி வைத்திருந்தவர்கள் 600-க்கும் மேற்பட்டோர். அவர்களில் பலருடைய பெயர், வயது, நோய், விற்பனை ஆகியவை தெரிவது இத்தகைய கடிதங்களாலும் பண்ணைக் கணக்குகளாலும்தான். 1993-இல், ஜெஃபர்சனின் பண்ணை வீடான மான்டிசெல்லோவின் வரலாற்று ஆய்வாளர்கள் அந்த மக்களின் வழித்தோன்றல்களைத் தேடிச் சென்று வாய்மொழி வரலாறு சேகரிக்கத் தொடங்கியபோது, குடும்பங்கள் சொன்னதோடு சேர்த்துப் பார்க்க இந்த ஆவணங்கள் கையில் இருந்தன.