புதுக் கடை, பழைய கடை, நம் பிள்ளைகள்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், கொஞ்ச நாளாகவே முதலில் எழுகிற கேள்வி கடையைப் பற்றியதாக இருக்கிறது. "தெருமுனையில இருந்த அண்ணாச்சி கடையக் காலி பண்ணிட்டாங்க மேடம். இப்ப யார் யாரோ வந்து கடை போட்டிருக்காங்க. பேசுறது கூடப் புரியல. புள்ளைங்கள எப்படி நம்பி அனுப்புறது?" ஒரு அம்மா ஆரம்பித்தால் பின்வரிசையில் நாலைந்து பேர் தலையாட்டுவார்கள்.

குழந்தைகள் மனநல ஆலோசகராக இந்தப் பகுதிப் பிள்ளைகளோடுதான் வேலை செய்கிறேன். அந்த அம்மாக்களின் பயம் நியாயமானது. ஆனால் அது பார்க்கிற திசை பாதிதான் சரி. மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடைகள் மாறியது உண்மை. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் ஓட ஆரம்பித்தது. அதற்கு முன் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வருடக்கணக்கில் தகரத் தடுப்பு நின்றது. அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சின்னக் கடைகளில் பல, வியாபாரம் படுத்து மூடிவிட்டன. ரயில் வந்ததும் வாடகை ஏறியது. பொட்டிக்கடை இருந்த இடத்தில் செல்போன் சர்வீஸ், நாஷ்டா கடை இருந்த இடத்தில் மோமோஸ், மளிகைக்கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட சூப்பர் மார்க்கெட். உட்சந்துகளில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கேமிங் சென்டர்களும் வந்துவிட்டன.

இதில் நாம் இழந்தது என்ன? பழைய கடைக்காரருக்குப் பிள்ளையின் பெயர், அப்பா வேலை, எந்த வீடு எல்லாம் தெரியும். பள்ளி நேரத்தில் யூனிபார்மோடு வந்து நின்றால் "இன்னாடா, ஸ்கூல் இல்லையா?" என்று கேட்பார். மாலையில் அம்மா எண்ணெய் வாங்க வரும்போது அந்தச் செய்தி அவர் காதுக்குப் போய்விடும். பிள்ளை சில்லறையோடு வரும், அந்தச் சில்லறைக்கு என்ன வாங்கியது என்று வீட்டுக்குத் தெரியும். கடையும் தெருவைப் பார்த்துத் திறந்தே இருக்கும்; உள்ளே நடப்பதை எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்க்கலாம். இப்போது பிள்ளை கையில் போனோடு போகிறது, கியூஆர் கோடில் பணம் கட்டுகிறது. என்ன வாங்கியது என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது இந்தப் பேச்சு நின்றுபோனதுதான்.

ஆனால் பெற்றோர் பயப்படுவது இதற்கு இல்லை. "வடக்கத்தி ஆளுங்க, புள்ள புடிக்கிறவனா இருந்தா?" என்பதற்குத்தான். 2018 மே மாதம் நடந்ததை இங்கே பலர் மறந்திருக்கலாம். குலதெய்வக் கோவிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போன, நம் சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மா, வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊரே சேர்ந்து அவரை அடித்துக் கொன்றது. அதே மாதம் நமக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒருவரை அடித்தே கொன்றார்கள். இரண்டுக்கும் காரணம் வாட்ஸ்அப்பில் சுற்றிய பொய். 2024 தொடக்கத்திலும் அதே மாதிரி வதந்தி சென்னையில் பரவ, நம்ப வேண்டாம் என்று காவல்துறை அறிவிப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. முகம் புதுசு, பாஷை புதுசு என்பது மட்டும் ஒருவர் மேல் சந்தேகப்படப் போதாது. அப்படி ஒரு குரல் பதிவு உங்கள் குரூப்பில் வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

அப்புறம், என்னிடம் வருகிற பிள்ளைகள் சொல்வது வேறு கதை. பிள்ளையிடம் தவறாக நடந்தவர் பெரும்பாலும் தெரிந்தவர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரமும் அதையே சொல்கிறது: குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் பதிவான வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கோ குடும்பத்துக்கோ அறிமுகமானவர். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் மாஸ்டர், வேன் ஓட்டுகிறவர். கடைக்காரர் என்று வந்தாலும் அவர் பல வருடமாக அதே தெருவில் கடை வைத்து, பிள்ளை "மாமா" என்றோ "தாத்தா" என்றோ கூப்பிடுகிறவராக இருக்கிறார். புதுக் கடைக்காரர் மேல் தெருவே கண் வைத்திருக்கும். பழகியவர் மேல் யார் கண்ணும் இருக்காது.

அடையாளங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்புப் பையன். கடைக்குப் போ என்றால் அழுகை, கோபம், வயிற்றுவலி. சோம்பேறித்தனம் என்று வீட்டில் அடி. பள்ளியில் மார்க் குறைந்ததால் என்னிடம் அனுப்பினார்கள். கடையில் அவன் பெயரில் ஒரு கடன் இருந்தது. முறுக்கு, ஜூஸ் என்று ஆரம்பித்து, போன் கேமுக்கு டாப்-அப் வரைக்கும் அந்தக் கடைக்காரர் தன் பணத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார். கடன் பெருத்ததும் "உங்கப்பா கிட்ட சொல்லவா, இல்ல உள்ள வர்றியா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையனுக்கு நடந்த கொடுமையைவிட அப்பாவுக்குக் கடன் தெரிந்துவிடும் என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. அந்தக் கடை அம்மாவின் சின்ன வயதிலிருந்தே அங்கே இருக்கிறது.

ஆண் பிள்ளைக்கு இதெல்லாம் நடக்காது என்ற நினைப்பு நம் வீடுகளில் மிகவும் ஆழமாக இருக்கிறது. மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களிலும் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளையை இருட்டிய பிறகு கடைக்கு அனுப்பாத வீடு, பையனை ராத்திரி பத்து மணிக்குக் கொசுவத்தி வாங்கிவர அனுப்புகிறது.

கடன்தான் நான் அடிக்கடி பார்க்கிற வழி. இன்னொன்று, ரிப்பேருக்குக் கொடுக்கிற போன். பிள்ளை கையில் போனையும் கொடுத்து லாக் நம்பரையும் சொல்லி அனுப்புகிறோம். அதில் அம்மா, அக்கா படங்கள் எல்லாம் இருக்கின்றன. பெரியவர் யாராவது நேரில் போய், படங்களை வேறு இடத்தில் சேமித்துவிட்டு, போனைக் காலி செய்து கொடுப்பதுதான் பாதுகாப்பு. டிஸ்ப்ளே மாற்றுவது போன்ற வேலையைக் கண் எதிரிலேயே செய்து தரச் சொல்லலாம். பிள்ளையின் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்க வேண்டாம், அந்த மெசேஜை அழிக்கவும் வேண்டாம். அதுதான் சாட்சி.

புகையிலை பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்தே நடக்கிறது. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு எங்கேயுமே விற்கக் கூடாது. குட்காவுக்கும், பிள்ளைகள் உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்கிற பொட்டலத்துக்கும் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. குழந்தைக்குப் புகையிலையோ மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இது பல கடைக்காரர்களுக்கே தெரியாது. அப்பா தன் சிகரெட்டை வாங்கிவரப் பிள்ளையை அனுப்புவதை முதலில் நிறுத்த வேண்டும். "அப்பாவுக்கு" என்று கேட்டே பல பையன்கள் தங்களுக்கு வாங்குகிறார்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? "யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதே" என்று சொல்வதை நான் பெற்றோரிடம் குறைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிவிடும், அப்புறம் அதை மறைக்கும். மறைத்ததை வைத்தே அடுத்தவர் பிடித்துக்கொள்வார். "யாராவது சும்மா கொடுத்தா அன்னிக்கே எங்கிட்ட சொல்லு, திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி திட்டாமலும் இருங்கள். கடையில் ஏற்கெனவே கடன் இருந்தால், எவ்வளவாக இருந்தாலும், அன்றே போய்க் கட்டிவிட்டுப் பிள்ளை பெயரில் இனி எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பொருளை வாசலில் நின்றே வாங்க வேண்டும், கல்லாவுக்குப் பின்னாலோ குடோனுக்குள்ளோ யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது, கூப்பிட்டால் பொருளை விட்டுவிட்டே ஓடி வரலாம். பால் பாக்கெட்டை விட்டுவிட்டு வந்ததற்குத் திட்டு விழாது என்று பிள்ளைக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

புதுக் கடைக்காரரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், "இது என் பொண்ணு, இந்த வீடு. கடன் கொடுக்காதீங்க, எதுன்னாலும் எனக்கு போன் பண்ணுங்க" என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். தமிழ் வராதவர் என்றால் கையும் முகமும் போதும். ஊரில் தன் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து கடையில் நிற்கிறவர்கள் அவர்களில் நிறைய. இப்படிப் பேசிப் பழகிய ஒரு தெருவில், பள்ளி நேரத்தில் இரண்டு பையன்கள் பெரிய பசங்களோடு சுற்றுவதை முதலில் வீட்டுக்குச் சொன்னது மோமோஸ் கடைத் தம்பிதான். தப்பான எண்ணம் உள்ளவராக இருந்தாலும், இந்தப் பிள்ளைக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார். கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிய கடைக்காரரிடம் இடுப்புக்கு மேலாவது எடுத்துவிடச் சொல்லி நாலு பேராகப் போய்க் கேளுங்கள். தனியாகப் போனால் சண்டை ஆகிவிடும்.

பிள்ளைகள் ஏன் கடை வாசலிலேயே நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். வீடு ஒரே அறை, அப்பா நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார், போக வேறு இடமில்லை. வடசென்னையில் இதற்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது: கேரம் கிளப். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரின் காசிமா, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். எல்லாப் பிள்ளையும் அப்படி ஜெயிக்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு, விளக்கு வெளிச்சத்தில், நாலு பேர் கண் எதிரில் உட்கார ஒரு பலகை கிடைத்தால் போதும். கிளப்போ பாக்ஸிங்கோ கால்பந்தோ, பயிற்சி கொடுப்பவரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள்: கதவு திறந்திருக்குமா, பிள்ளை அவரோடு தனியாக இருக்க நேருமா, நான் சொல்லாமல் வந்து பார்க்கலாமா?

பிள்ளை ஏதாவது சொல்லிவிட்டால், அந்த முதல் சில நிமிடங்கள் மிக முக்கியம். "நீ ஏன் அங்க போன?" என்று கேட்காதீர்கள். "சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். கடைக்குப் போய் அடிதடியில் இறங்குவதும், ஏரியாவில் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பதும் வேண்டாம். பேசி முடித்த இடங்களில் அந்த ஆள் வேறொரு பிள்ளையிடம் போனதை நான் பார்த்திருக்கிறேன். சட்டமும் அதற்கு இடம் தருவதில்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, இப்படி ஒன்று நடந்தது என்று தெரிந்த யாரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். பள்ளியோ நிறுவனமோ மறைத்தால் அதன் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை.

குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம், 24 மணி நேரமும் இலவசம். அவசரம் என்றால் 112. பள்ளியில் நடந்தது என்றால் 14417. உடனே சிகிச்சை தேவைப்பட்டால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள், எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பிள்ளை நம்புகிற ஒருவர் கூட இருக்க வேண்டும்.

போலீஸ் என்றாலே நம் ஏரியாவில் பல குடும்பங்கள் பின்வாங்குவதற்குக் காரணங்கள் இருக்கின்றன, எனக்கும் தெரியும். அதனால் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்கலாம். வாங்குகிற அதிகாரி யூனிபார்மில் இருக்கக் கூடாது. ராத்திரியில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவரைப் பிள்ளை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்காது. பிள்ளையின் பெயர், படம், பள்ளி, தெரு எதையும் யாரும் வெளியிடக் கூடாது. அது தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கும் சேர்த்துத்தான். கோபத்தில் "இந்த வீட்டுப் பிள்ளைக்கு நடந்தது" என்று நியாயம் கேட்டு எழுதுகிறவரும் அந்தப் பிள்ளையைத்தான் காட்டிக்கொடுக்கிறார்.

புகார் கொடுத்த பிறகு வருகிற மாதங்கள்தான் குடும்பங்களை உடைக்கின்றன. கடை அதே தெருவில் இருக்கும். குற்றம் சாட்டப்பட்ட கடைக்காரரின் சொந்தக்காரர்கள் கல்லாவில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போக வேண்டும். வீட்டை மாற்றிக்கொண்டு எண்ணூர் பக்கமோ மணலி பக்கமோ போய்விடுகிற குடும்பங்கள் உண்டு. அவர் ஜாமீனில் வெளியே வந்தால் அந்தத் தகவலைப் பிள்ளையின் குடும்பத்துக்குப் போலீஸ் சொல்ல வேண்டும் என்று போக்சோ விதிகளில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். வழக்கு முடியும் வரை துணைக்கு ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம், அதையும் கேளுங்கள். மிரட்டினாலும், சமாதானம் பேச ஆள் அனுப்பினாலும், தேதி போட்டு எழுதி வைத்து விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் வரை வர வேண்டும் என்றுகூட இல்லை. அந்தக் குடும்பத்தோடு முன்பு பேசியது போலவே பேசுங்கள், உங்கள் பிள்ளையை அந்தப் பிள்ளையோடு விளையாட விடுங்கள், காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே பள்ளிக்குப் போகட்டும்.