ஹங்குலுக்கு ஏன் 'அசை' பொருந்தாது

கொரிய மொழியின் எழுத்துமுறை ஹங்குல். யூனிகோடில் 'கொரிய அசைகள் 11,172' என்று இன்னும் எத்தனை கட்டுரைகளில் படிப்பது? ஆங்கிலத்தில் 'சிலபிள்' (syllable) என்று கண்டதும் அகராதியில் முதலில் அகப்பட்டதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

சிலபிள் கிரேக்க வழி வந்த சொல். 'சேர்த்துப் பிடித்தது' என்று பொருள். அவ்வளவுதான்.

அசையோ யாப்பின் சொல். 'நிலா' நமக்கு ஒரே அசை, நிரை. ஹங்குலில் மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு சதுரத்துக்குள் அமரும்; அதில் 'நிலா' என்று எழுதினால் இரண்டு சதுரம். 'கல்' நேரசை, அது ஒரே சதுரம். அளவே ஒத்துவராதபோது பெயர் எப்படி ஒட்டும்? நேரும் நிரையும் படித்த பிள்ளை கொரியரும் வெண்பா எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

'உயிர்மெய்' என்போர் பரவாயில்லை, பாதி வழியாவது வந்திருக்கிறார்கள். ஹங்குலில் முதல் மெய் 19, உயிர் 21. பெருக்கினால் 399, இவைதாம் உயிர்மெய் போன்றவை. பின்னால் ஒட்டும் இறுதிமெய் வகை 27, ஒட்டாத நிலையும் சேர 28. ஆக 11,172. இறுதிமெய் ஏறிய 10,773-ஐயும் உயிர்மெய் என்றால் நன்னூலார் சிரிப்பார். கூட்டெழுத்து என்றாலோ, அது தங்கள் சொல் என்று கிரந்தக்காரர் சண்டைக்கு வருவார்.

நான் 'கட்டெழுத்து' என்கிறேன். உறுப்பெழுத்துகளை ஒரு சதுரத்துக்குள் கட்டி வைப்பதுதானே இது. கணினியிலும் அப்படியே. 'ஹன்' என்பதில் ஹ-வின் வரிசை எண் 18, அ 0, ன் 4 (முதல் மெய்யும் உயிரும் 0-இலிருந்து தொடங்கும், இறுதியில் 0 என்றால் மெய் இல்லை). 18-ஐ 21-ஆல் பெருக்கி, அதை 28-ஆல் பெருக்கி, 4 கூட்டி, தொடக்கமான 44,032-ஐச் சேர்த்தால் 54,620. அதுவே 'ஹன்' கட்டின் யூனிகோடு எண்.

இந்த ஒழுங்கு 1996-இல் யூனிகோடு 2.0-இல்தான் வந்தது. 1987-இன் கொரியக் கணினிக் குறியீட்டுத் தரத்தில் 2,350 கட்டுகளே. 'ட்டொம்' என்ற கட்டுக்கு அதில் இடமில்லை. அந்த எழுத்தில் தொடங்கும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரையே அந்தக் குறியீட்டில் எழுத முடியவில்லை. 'யூனிகோடில் கொரியனுக்கு 11,172, நமக்கு 247 தமிழ் எழுத்துக்கு இடமில்லையா' என்று கேட்கும் நம்மவர்கள், அங்கே பட்ட பாட்டையும் கொஞ்சம் படிக்கலாம்.

கட்டெழுத்து என்றால் வட்டெழுத்தோடு குழம்புமே என்றார் நண்பர். இரண்டையும் ஒரே பத்தியில் எழுத நேர்பவர் எத்தனை பேர்?