எலி ஏன் இரண்டாம் நாளும் தின்றது?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருந்தார்: “சம்பாவில் எலி மருந்து வைத்தால் முதல் நாள் நாலு விழுகிறது. மறுநாளிலிருந்து ஒன்றும் தொடுவதில்லை. பசிபிக்கில் ஒரு தீவில் ஊர்க்காரர்களே மருந்து வைத்து எலியை அடக்கி, அழியப்போன ஒரு பறவையைக் காப்பாற்றினார்களாமே. அந்த ஊர் எலி மட்டும் எப்படி ஏமாந்தது?”

அந்தப் பறவையின் பெயர் காக்கெரோரி. குக் தீவுகளில் உள்ள ராரோதோங்காவில், செங்குத்தான சில காட்டுப் பள்ளத்தாக்குகளில் மட்டும் வாழ்ந்தது. குருவி அளவுதான் இருக்கும். இளம் பறவை ஆரஞ்சு நிறம். நாலாவது வயதில்தான் முழுச் சாம்பல் நிறத்துக்கு வரும். ஐரோப்பியக் கப்பல்களில் வந்திறங்கிய கருப்பு எலி மரமேறுவதில் கெட்டி. முட்டை, குஞ்சு, சில சமயம் அடைகாக்கும் தாய் என்று எதையும் விடவில்லை. 1989-ல் எண்ணியபோது உலகத்திலேயே 29 பறவைகள்தான் மிச்சம்.

சரி, எலிக்கு வருவோம். எலியால் வாந்தி எடுக்க முடியாது. தின்றதை வெளியே தள்ள வழியில்லாததால், புதுத் தீனியைக் கண்டால் முதலில் கொஞ்சமாகக் கொறித்துப் பார்க்கும். வயிற்றைப் புரட்டினால் அந்த ருசியை மறக்காது. நம் ஊரில் பழகிய துத்தநாக பாஸ்பைடு, வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவைக் கிளப்பி, சில மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும். நிறையத் தின்ற எலி செத்துப்போகும். கொஞ்சமாகக் கொறித்தது பிழைத்துக்கொண்டு, அப்புறம் அந்தப் பக்கமே வராது. மருந்தில்லாத தீனியை இரண்டு மூன்று நாள் வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு மருந்து கலக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ராரோதோங்காவில் வைத்தது புரோடிஃபாகம். அதன் கதை மாட்டிலிருந்து தொடங்குகிறது. 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் என்ற தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. 1933-ல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, பனிப்புயலுக்கு நடுவே வண்டி ஓட்டி, செத்த மாட்டையும் ஒரு பால் கேனில் உறையாத ரத்தத்தையும் அந்தத் தீவனத்தையும் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகம் குற்றவாளிப் பொருளைப் பிரித்தெடுக்க ஆறு வருடம் போல ஆனது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தானது. பிறகு இதய நோயாளிகளுக்கான மாத்திரையும் ஆனது. மாடு ஏன் செத்தது என்று பார்க்க ஆறு வருடம் பொறுத்தார்கள். எடுத்த எடுப்பிலேயே “இதனால் என்ன லாபம்?” என்று கேட்டுக் கையை விரிக்கிற நிதிக்குழுக்கள் இந்தக் கதையை ஒருமுறை படிக்க வேண்டும்.

புரோடிஃபாகம் அதே குடும்பத்தில் வீரியம் கூடியது. ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் தயாரிக்கிறது. வைட்டமின் கே உதவியோடு அவற்றில் ஒரு சிறு மாற்றம் நடந்தால்தான் அவற்றால் கால்சியத்தைப் பிடிக்க முடியும், உறையவைக்க முடியும். அந்த வேலையில் வைட்டமின் கே செயலிழந்துபோகும். ஒரு நொதி அதைப் பழையபடி ஆக்கி மறுபடி அனுப்பிவைக்கும். கையிருப்பு குறைவு என்பதால் இந்தச் சுழற்சியில்தான் எல்லாமே ஓடுகிறது. மருந்து அந்த நொதியை முடக்கிவிடுகிறது. கொள்முதல் நிலையத்துக்குச் சாக்கு வராத வாரத்தில் நெல் குவியலாகக் கிடக்குமே, அந்த நிலைதான். புரதம் உருவாகிக்கொண்டே இருக்கும், ஒன்றும் உபயோகப்படாது.

நான் வியந்து வியந்து படித்த இடம் இனிமேல்தான். முன்பே தயாரான புரதங்கள் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன அல்லவா? அவற்றில் ஒன்று சில மணி நேரத்தில் தீரும், இன்னொன்று நாள்கணக்கில் தாங்கும். அந்த இருப்பு கரையும்வரை எலிக்கு ஒரு கோளாறும் தெரியாது. இன்றும் தின்னும், நாளையும் தின்னும். மூன்று நாலு நாள் கழித்து உள்ளே ரத்தம் கசியும்போது, என்றைக்கோ தின்றதோடு அதை முடிச்சுப்போட எலிக்கு வழியில்லை. வாந்தி எடுக்க முடியாத உடம்பைக் காத்துவந்த அத்தனை எச்சரிக்கையும் மணிக்கணக்குக்குள் அடங்கியது. மருந்து அதைத் தாண்டிப்போய் நிற்கிறது.

ஆனால் தீவு முழுக்க எலி இருக்கும்போது ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் கொன்றால், பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு இனப்பெருக்கக் காலத்திலும் யாராவது காட்டுப் பாதைகளில் வாராவாரம் நடந்து மருந்து வைத்தாக வேண்டும். கூடிருந்த மரங்களில் எலி ஏறாதபடி தகடும் சுற்றினார்கள். விஞ்ஞானிகள் தொடங்கிய வேலையை, 1996-ல் நிலத்துக்குச் சொந்தமான மூன்று குலங்கள் தாக்கிதுமு பாதுகாப்புப் பகுதி என்று அமைத்துத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டன. 155 ஹெக்டேர். செலவுக்கு, பறவை பார்க்க வருபவர்களின் கட்டணமும் கைகொடுத்தது. 2000 வாக்கில் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. 2001 முதல் 2003 வரை 30 பறவைகளைக் கருப்பு எலி இல்லாத அத்தியு தீவுக்கும் கொண்டுபோனார்கள். அங்கேயும் கூடு கட்டின. திட்டம் முடிந்தது என்று கிளம்பிப் போகிறவர்களால் இது ஆகியிருக்காது. எலி திரும்பி வரும்போது அங்கேயே இருப்பவர்கள் வேண்டும்.

அப்படியானால் நம் வயலிலும் அதே மருந்தா? நான் அவசரப்பட மாட்டேன். அந்தத் தீவில் எலி தின்னும் ஆந்தையும் இல்லை, பாம்பும் இல்லை. இங்கே இரண்டும் உண்டு. இந்த மருந்து செத்த எலியின் ஈரலில் தங்கும். தடுமாறும் எலியைத் தூக்குகிற கூகைக்குள்ளும் போகும். கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று கல்லெறிவதை இன்னும் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. அந்தச் சகுனத்துக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. ராத்திரி முழுக்க நம் வரப்பில் எலி பிடிக்கும் பறவை அது.

நம் கையில் தஞ்சாவூர் கிட்டி இருக்கிறது. வளைத்த மூங்கில், இழுத்துக் கட்டிய நாண், நடுவில் தீனி. எலி தலையை நுழைத்து இழுத்ததும் நாண் கழுத்தை இறுக்கும். யார் வயிற்றுக்கும் விஷம் போகாது. ஒருவர் மட்டும் வைத்தால் பக்கத்து வயல் எலி வந்து நிரப்பிவிடும் என்பது இங்கேயும் உண்மை. ஒரே வாய்க்காலில் பாயும் வயல்களுக்கெல்லாம் ஒரே வாரத்தில், கூலியைப் பங்கு போட்டுக்கொண்டு வைக்க வேண்டும். கதிர் முற்றும் சமயத்தில்தான் வயல் எலி அதிகமாகக் குட்டி போடும். அதுவரை காத்திருந்தால் கிட்டி போதாது. வரப்பில் முதல் வளை தெரியும்போதே பக்கத்து வயல்காரரிடம் பேசிவிடுங்கள்.