சொன்னால் கேட்பதில்லை

கடிதம் நாலே வரி. "மிகவும் குழப்படி. அடங்காத பிள்ளை. சொன்னால் கேட்பதில்லை. ஆவன செய்யவும்." இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்புப் பையனோடு அவன் அம்மா கொண்டுவந்தது. உளவளத்துணையாளராக இருக்கும் எனக்கு இப்படியான கடிதங்கள் புதியவை அல்ல. (இங்கே நான் குறிப்பிடுகிறவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பையன் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தான். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அம்மா தோளைத் தொட்டதும்தான் திரும்பி, என் வாயைப் பார்த்தான். கண்ணை அல்ல, வாயை.

மூன்றாவது வரியில் ஆசிரியர் தன்னை அறியாமலே உண்மையை எழுதிவிட்டார். அவனுக்குக் கேட்கவில்லை.

தமிழில் 'கேட்பது' என்ற ஒரே சொல் காதுக்கும் கீழ்ப்படிதலுக்கும் பொது. அந்த இடுக்கில் எத்தனை பிள்ளைகள் விழுந்திருப்பார்களோ! அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது உண்டு. காது வலிக்காது, சீழ் வடியாது. மெதுவான பேச்சு மட்டும் விழாது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். வற்றாவிட்டால் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் பார்க்கவேண்டும். பொல்லாத்தனம் என்னவென்றால், இது கூடிக் குறையும். திங்கட்கிழமை கேட்டவனுக்கு வியாழக்கிழமை கேட்காது. உடனே, "வேண்டுமென்றால் கேட்கிறான், வேண்டாவிட்டால் கேட்பதில்லை" என்று அடுத்த பட்டம் தயாராகிவிடும்.

ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. நெருக்கியடித்த வகுப்பில் ஒருவர் நின்று கத்தும்போது யாருக்கும் முதலில் வருவது பட்டப்பெயர்தான். ஆனால் 'அடங்காதவன்' என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்? "முதல் வரிசையில் இருந்தால் எழுதுகிறான், பின் வரிசையில் இருந்தால் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கிறான்" என்று ஒரு வரி இருந்திருந்தால் அன்றைக்கே காதைப் பார்த்திருப்பார்கள்.

இதை என்னைவிட நன்றாகச் சொன்னவர் அந்த அம்மாதான். மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளக் கணக்கு. பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அது குறைந்தால் அரைப் பேர். கடிதத்தை நான் வாசித்துக் காட்டியபோது அவர் சொன்னார்: "மிஸ், எங்களுக்கு அரைப் பேர் போடுகிறவர்கூட எத்தனை கிலோ என்று நிறுத்துத்தான் போடுகிறார். என் பிள்ளைக்கு மட்டும் ஏன் நிறுக்காமலே பேர் போட்டார்கள்?"

அன்றிலிருந்து ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதைத்தான். எழுதுகிற சொல்லைத் தராசில் வைக்க முடியுமா என்று பாருங்கள். 'திமிர்' தட்டில் நிற்காது. "கரும்பலகைக்குக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை, இந்த வாரம் மூன்று தடவை" என்பது நிற்கும். அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, பின்னால் யார் என்ன செய்தார்கள் என்பதும் இருந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்தது. 'பகல்கனவு காண்கிறாள்' என்று அனுப்பப்பட்ட சிறுமி ஒருத்தி உண்டு. "பேசிக்கொண்டிருக்கும்போதே பத்து நொடி உறைந்துவிடுகிறாள், இமை துடிக்கிறது, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்கிறாள்" என்று அவளுடைய ஆசிரியை திருத்தி எழுதிய பிறகுதான் அது வலிப்பின் ஒரு வகை என்று வைத்தியர் கண்டுபிடித்தார். விழாமல், கை கால் இழுக்காமலும் வலிப்பு வரும். பெரும்பாலும் மாத்திரைக்குக் கட்டுப்படும்.

பெரியவர்களிடம் சொல் வேறு விதமாகக் காலை வாரும். வடக்கிலிருந்து வந்த இளம் வைத்தியர் ஒருவர் ஒரு பாட்டியிடம், "என்ன வருத்தம் அம்மா?" என்றார். அவர் ஊரில் வருத்தம் என்றால் நோய். பாட்டிக்கு அது துக்கம். "என்னத்தைச் சொல்ல ஐயா, மூத்தவன் கொழும்புக்குப் போய் மூன்று வருடம், ஒரு சேதி இல்லை" என்று ஆரம்பித்தார். வைத்தியர் முதலில் விழித்தார், பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். தூக்கமின்மைக்கு வந்த பாட்டி அவர். தவறான சொல் சரியான கதவைத் திறந்தது. எப்போதும் அப்படி வாய்க்காது.

'பைத்தியம்', 'விசர்', 'பிஸ்ஸு' என்று மூன்று வழக்கிலும் நமக்கு வசைக்குப் பஞ்சமில்லை. அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே வசையாக்கி வைத்திருக்கிறோம். அங்கே இருக்கும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைத்துப் பேசலாம். அழைக்கச் சொன்னால், "நான் என்ன அங்கொடை கேஸா?" என்று கூசுகிறார்கள். இப்போது ஆங்கிலப் பட்டங்களும் வந்துவிட்டன. ஓடுகிற பிள்ளை எல்லாம் 'ஹைப்பர்', பேசாத பிள்ளை எல்லாம் 'ஆட்டிசம்'. வைத்தியர் பார்க்காமல் ஒட்டினால் அதுவும் பழைய 'குழப்படி'தான், சட்டை மட்டும் புதிது. தோட்டத்து மக்களை இழிவாகச் சொல்லும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைத் தலைமுறைகளாகச் சுமந்த நாமே இதைச் செய்கிறோம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நானும் தப்பவில்லை. அதே பையனின் கோப்பில், அடுத்தடுத்து மூன்று தவணைக்கு வராத அம்மாவைப் பற்றி, 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதியிருந்தேன். பிறர் செயலுக்கு அவர்களுடைய குணத்தையே காரணமாக்கி, சூழ்நிலையைக் காணாமல் விடும் பழக்கத்துக்கு லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் பெயரே வைத்தார். படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். நான் கொடுத்தவை எல்லாம் புதன்கிழமைத் தவணைகள். புதன்கிழமை வந்தால் அவருக்கு ஒரு பேர் போய்விடும். அந்த வரியை அடித்துவிட்டு, "தவணை வேலை நாளில் கொடுக்கப்பட்டது" என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். வந்தார்.

அடுத்த தவணையில் அந்த ஆசிரியரிடமிருந்து அரைப் பக்கக் கடிதம் வந்தது. "இப்போது முதல் வரிசையில் இருத்தியிருக்கிறேன். திரும்பி நின்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசினால் பதில் இல்லை. முகம் பார்த்துப் பேசினால் சொல்கிறான். நேற்று இரண்டு கணக்குச் சரி." அடியில் 'குழப்படி' என்று தொடங்கி, பாதியில் அடித்திருந்தார்.