தோள் உறையவில்லை, இறுகியிருக்கிறது

தக்கலையில் இருக்கும் சித்திக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. வலது கையைத் தூக்க முடியவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரிடம் 'உறைந்த தோள்பட்டை' என்று தலைப்பிட்ட ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். அன்றோடு வீட்டில் ஃபேன் நின்றது, தயிர் நின்றது. "தோளு உறைஞ்சு போச்சுன்னு எழுதியிருக்குல்லா மக்களே, குளுமை ஆகாது." கையையும் அசைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். இரண்டு மாதத்தில் கொண்டை முடியவும் கை போகவில்லை.

அந்தத் தலைப்பின் ஆங்கில மூலமான 'ஃப்ரோசன் ஷோல்டர்' 1934இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கோட்மன் வைத்த பெயர். ஆங்கிலத்தில் 'ஃப்ரோசன்' என்ற சொல் அசையாமல் நின்றுபோனதையும் குறிக்கும். ஜப்பானியருக்கு இது 'ஐம்பது வயதுத் தோள்'. வரலாறு இவ்வளவு போதும்.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறந்தார்கள், 'உறைந்த' என்று போட்டார்கள், மூடினார்கள். கேட்டால், "தயிர் உறையக் குளிரா வேண்டும்? குலசேகரத்தில் ரப்பர் பால் ஆசிட் விட்டாலே உறைகிறதே" என்பார்கள். சரி, உறைந்த ரப்பர் மறுபடி பாலாகுமா? இந்தத் தோள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும். இல்லை, மார்கழித் தேங்காய் எண்ணெய் போல உறைந்து உருகுவது என்றால் வெயிலில் காட்டினால் போதுமே! இதில் வேடிக்கை, உறை என்றால் தலையணை உறையும்தான். பழுது உண்மையில் மூட்டைச் சுற்றிய உறையில்தான். அது தடித்துச் சுருங்குகிறது. அந்தப் பொருளை யாரும் எடுக்கவில்லை.

சித்த மருத்துவர்கள் கும்பவாதம் என்பார்கள். பழைய சொல், மதிக்கிறேன். ஆனால் வாதம் என்றதும் பாதிப் பேருக்குப் பக்கவாதம் நினைவு வந்து கால் நடுங்கும்.

என் சொல் 'தோள் இறுக்கம்'. விரித்து எழுத வேண்டுமானால் மூட்டுறை இறுக்கம். தசைநார் கிழிந்தவருக்குத் தானாகக் கை எழாவிட்டாலும், அடுத்தவர் தூக்கினால் பெரும்பாலும் எழும். இதில் அடுத்தவர் தூக்கினாலும் போகாது. 'இறுக்கம்' அதையும் சொல்லிவிடுகிறது. ஈரக் கயிற்றின் முடிச்சு மாதிரி. வெடுக்கென்று இழுத்தால் கெட்டது, தொடாமல் விட்டாலும் கெட்டது. குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல் போல ஆட்டுவது, சுவரில் விரலால் மெல்ல ஏறுவது எல்லாம் முடிச்சைத் தளர்த்தும் வேலைதான். வலி உச்சத்தில் இருந்தால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் சில நாள் அளவு ஏறும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் சித்தியிடம் சொன்னேன். "தோளு பிடிச்சுக்கிட்டுன்னு சொன்னா போராதா?" என்றார். பிடிப்பு என்றால் கழுத்துப் பிடிப்பு போல நாளைக்கே விட்டுவிடும் என்று நினைப்பார்களே என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. ஃபேன் மட்டும் ஓடுகிறது.